பாலில் இல்லாதது

திருவொற்றியூர்
6 ஜூலை 2025

கோமு அக்கா,

உன் போன்ல என் நம்பரை மாமா பிளாக் பண்ணிட்டாரு. தெரியும். அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன். சீமந்தத்துல அத்தினி சொந்தக்காரங்க எதிர்ல நான் கத்தினது தப்புதான். சொன்னது தப்பில்ல. மாசமா கீறவ எலையில மடவ மீன் சினைய வறுத்து வைக்கறாங்க, நீ வாய இறுக்கி மூடிகினு அழற, உம் மாமியா "துன்னுமா, துன்னுமா"ன்னு மோவாய புடிக்கறாங்க. நான் இன்னா, கை தட்டணுமா? "இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத"ன்னாரு மாமா. சரி, மிதிக்கல. லெட்டரு மிதிக்கலாமில்ல?

செவ்வந்தியக்கா பழவேற்காட்டுல எறா எடுத்துனு இங்க மார்க்கெட்டுக்கு வருது. அதுதான் இனிமே நம்ம போஸ்ட்மேன். கூடைக்கடியில கவர்ல சுத்தி வெச்சுக்கும். மீனே வேணாம்னவ எழுதினது மீன் நாத்தத்தோட வந்து சேரும், சிரிக்காத.

புள்ள பொறந்ததையும் அதுதான் சொல்லுச்சு. முகிலனாமே. மூணு மாசம் ஆயிடுச்சாமே. மூக்கு யாரு மாதிரி? மாமா மாதிரின்னா பாவம்.

நான் நல்லா கீறேன். நர்சிங்க பாதியில வுட்டுட்டு நாய் காப்பகத்துல சேந்தேன்னு நைனா இன்னும் பேசல. பேசாட்டி போறாரு. இங்க கால் ஒடஞ்ச நாய்ங்க எங்கூட நல்லா பேசுது.

இப்போ மேட்டருக்கு வர்றேன். பால் ஊறும்னு பால்சுறா புட்டு செஞ்சு குடுப்பாங்க. தொடாத. மாட்டுப் பாலும் வேணாம்க்கா, அது கன்னுக்குட்டிக்கு ஊறினது, நாம நடுவுல பூந்து புடுங்கறோம். அப்புறம் பொன்னேரி டாக்டரம்மா குடுத்த செவப்பு கேப்சூல் சாப்பிடறியாமே. அதுக்கு மேல் தோல் எதுல செய்றாங்க தெரியுமா? மாட்டு எலும்ப காய்ச்சி. நானே படிச்சேன். தூக்கிப் போடு. கீரை, கேவுரு, வேர்க்கடல, அது போதும். அதுல இல்லாத சத்து ஒண்ணும் கெடையாது.

வைஷு

தோணிரேவு
19 ஜூலை 2025

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவர் கண்ணில் பட்டால் வீடு இரண்டாகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ காட்டிய வீடியோக்களைப் பார்த்து நான் மீனை விடவில்லை. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். இவன் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது ஒரு மடவையை அறுத்தேன். உள்ளே சினை, இரண்டு பைகள். ஒன்று என் கத்தியில் கிழிந்து முட்டை வழிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துச் சொன்னேன், இது என்னிடம் தங்கினால் இன்னோர் உயிரை வாயில் வைக்க மாட்டேன் என்று. யாரிடமும் சொல்லவில்லை. தங்கிவிட்டான்.

அதனால் உன்னைப் போல எனக்கு இது கொள்கை இல்லை, வைஷு. பயம். வாக்கை மீறினால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டுவிடும் என்ற பயம்.

பாலை நிறுத்திவிட்டேன். என் வாக்கில் பாலும் சேருமா, சேராதா என்று எனக்கே தெரியவில்லை. சேர்ந்துவிட்டால்? அந்தக் கேப்சூலையும் எறிந்துவிட்டேன். நீ இரண்டு வருடம் படித்தவள், உனக்குத் தெரியும்.

அத்தைக்குத்தான் ஆறவில்லை. நேற்று என் மடியில் இவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார்.

"சுறா புட்டு துன்னாத பொம்பளைக்கு இன்னாடி பால் ஊறும்?"

"நல்லாத்தான் வருது அத்தை."

"வரும் வரும். வெள்ளையா கீதுன்னா பாலாயிடுமா?"

ஆனால் பிள்ளை நன்றாக இருக்கிறான். அவருடைய படகு கரைக்கு வரும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறான். நேற்று வாய் விட்டுச் சிரித்தான். மூக்கு அவர் மூக்குதான்.

அன்புடன்,
கோமளா

திருவொற்றியூர்
3 செப்டம்பர் 2025

அக்கா,

நீ இத்தினி நாளா இத எங்கிட்ட சொல்லவேயில்ல. நான்தான் உன்ன மாத்திட்டேன்னு காப்பகத்துல எல்லார்கிட்டயும் பீத்திகினு கீறேன். போச்சு.

ஆனா பயத்துல வுட்டாலும் வுட்டது வுட்டதுதான். நீ கத்திய கீழ வெச்சியே, அது பயம் மட்டும் இல்ல. வேற ஒரு உசுரு வலி உனக்குத் தெரிஞ்சுது. அதுக்குப் பேரு வேற. மாமாவ நான் கொலகாரன்னு சொல்லல. அவரு தொழில் அது. நைனா போட்ட வலையிலதான் நானும் வளந்தேன். ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாத மாதிரி எப்டி துன்றது?

நாக்கு புண்ணாட்டம் எரியுது, பாதம் மரத்துப் போவுதுன்னு செவ்வந்தியக்காகிட்ட சொன்னியாமே. புள்ள பெத்த ஒடம்பு, அப்டித்தான் இருக்கும். உக்காந்தே கெடக்காத, நட. முருங்கக் கீரை நெறைய சேத்துக்க. என்னப் பாரு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, மீனு, முட்ட, பாலு, தயிரு எதுவுமில்ல. காலையில காப்பகத்துல குடுக்கற சோயா பால் ஒரு டப்பா, மதியானம் சோறு. நாப்பது கிலோ நாய ஒண்டியா தூக்கறேன். மீன் துன்னாம செத்தவன் எவனாவது கீறானா?

உம் மாமியா ஏதாவது சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல வுடு.

வைஷு

தோணிரேவு
9 நவம்பர் 2025

வைஷ்ணவி,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பிள்ளை சரியில்லை.

போன மாதம் குப்புற விழுந்தான். கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தான். தெருவே வந்து பார்த்தது. இப்போது குப்புறப் போட்டால் முகத்தைப் பாயில் வைத்தபடியே கிடக்கிறான். நான் திருப்பாவிட்டால் மூச்சு முட்டிவிடும். கழுத்து நிற்கவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. படகுச் சத்தத்துக்குத் திரும்புவதில்லை. என்னைப் பார்க்கிறான், ஆனால் நான் அவன் கண்ணில் இல்லை. அழுவதும் இல்லை. பசித்தாலும் அழுவதில்லை. வைஷு, அழாத பிள்ளையைப் பார்த்திருக்கிறாயா?

விரல் முட்டிகள் எல்லாம் கறுத்துப்போயின. அழுக்கு என்று தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை.

மழை தொடங்கி ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கிவிட்டன. அவன் துணியை வெளியே வலை மேல் காயப்போட்டிருந்தேன். சாயங்காலம் ஒரு கூட்டம் அதற்கு மேலேயே பறந்து போனது. அத்தை பார்த்துவிட்டார். பட்சி தோஷம் என்கிறார். பறவை நிழல் பட்ட துணியைப் போட்டால் பிள்ளை இப்படித்தான் துவளுமாம். மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. பறவைகள் ஏரியை விட்டுப் போகும் வரை பிள்ளை தலை வானத்துக்குக் கீழே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலுக்கும் துணி கட்டிவிட்டோம்.

ஆனால் எனக்கு உள்ளே வேறு பயம். போன வாரம் குழம்பில் ஒரு வாடை வந்தது. கேட்டேன். அத்தை மறைக்கவில்லை.

"ஆமா, கருவாட்டுப் பொடி போட்டேன். ரெண்டு மூணு வாட்டி போட்டேன். உம் பிடிவாதத்துக்கு எம் பேரன் சாவணுமா?"

வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். எனக்குத் தெரியாமலேயே வாக்கு உடைந்துவிட்டது. பிள்ளை துவண்டது அதனால்தான். அத்தைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இப்போது யார் கையாலும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. நானே பொங்கி, வெறும் சோறும் உப்பும். தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். இப்படி இருந்தால் மன்னிப்பு கிடைக்குமா?

கோமளா

திருவொற்றியூர்
14 நவம்பர் 2025

அக்கா, இந்த லெட்டர படிச்ச ஒடனே எந்திரி.

இங்க நாய்ங்கள பாக்க ஜெசிந்தா டாக்டர் வரும். உன் லெட்டர அதுகிட்ட காட்டினேன். "நான் மிருக டாக்டர்மா, எங்கிட்ட இன்னாத்துக்குக் காட்டற"ன்னு சொல்லிக்கினே படிச்சுது. முட்டி கறுத்துப்போச்சுன்ற எடத்துல நிறுத்திச்சு.

"உங்கக்கா பி12 எடுத்துக்கறாங்களா?"

"கீரை நெறைய துன்னுது டாக்டர்."

"கீரையில பி12 கெடையாது. எந்தக் காய்லயும் கெடையாது. மீன்ல, முட்டையில, பால்ல கீது. அதெல்லாம் வேணாம்னா மாத்திரை போட்டே ஆவணும். தாய்க்கு இல்லன்னா பால்லயும் இருக்காது. பால் மட்டும் குடிக்கிற கொழந்தைக்கு மூளை, நரம்பு எல்லாம் அடி வாங்கும். நான் சொல்றது சரியோ தப்போ, கொழந்தை டாக்டர் பாக்கணும். இன்னிக்கே."

அப்ப எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல? ஓடிப்போயி குப்பையில கெடந்த சோயா பால் டப்பாவ எடுத்துப் பாத்தேன். சின்ன எழுத்துல போட்டுகீது, பி12 சேத்துகீறாங்கன்னு. தெனம் நான் மருந்து குடிச்சுகினு கீறேன், எனக்கே தெரியாது. உனக்கு அந்த டப்பாவும் இல்ல. கேப்சூல் இருந்துது, அதையும் நான்தான் தூக்கிப் போட சொன்னேன்.

அழறதுக்கு இப்ப நேரமில்ல. வாக்கு ஒடஞ்சதால இல்லக்கா, பறவையால இல்ல. ஊசி ஒண்ணு கீது. சின்ன ஊசி. அத போட்டா திரும்பி வருவான். சீக்கிரம் போட்டாதான். சொல்றது புரியுதா? சீக்கிரம்.

நாக்கு எரியுது, கால் மரத்துப் போவுதுன்னியே, உனக்கும் அதேதான்.

வைஷு

தோணிரேவு
17 நவம்பர் 2025

வைஷ்ணவி,

ஜூலையில் சத்து எல்லாம் கீரையில் இருக்கிறது என்றாய். செப்டம்பரில் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றாய். இப்போது ஊசி என்கிறாய். எந்த வைஷ்ணவி சொல்வதை நான் நம்புவது?

அந்த ஊசி எதில் செய்தது? மீனில் இருப்பது என்று நீயே எழுதியிருக்கிறாய். மீனிலிருந்து எடுத்ததை என் பிள்ளை உடம்பில் ஏற்றச் சொல்கிறாயா? பொடி வந்ததற்கே இப்படி. கேப்சூலின் தோல் எலும்பு என்று பயமுறுத்தியவள் நீதானே.

அவனை வெளியே எடுத்துப் போகவும் முடியாது. காலையில் வாசலில் நின்று பார்த்தேன். வானம் முழுக்கப் பறவை. அவரும் தன் பாடு முடியட்டும் என்கிறார். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை உண்டு, உனக்குத் தெரியும். விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ.

இன்று அவன் பால் குடிக்கும்போது பாதியில் மறந்துவிட்டான். வாய் அசையாமல் அப்படியே நின்றது. செத்துவிட்டான் என்று நினைத்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான்.

எனக்கு யாரையும் நம்ப முடியவில்லை, வைஷு.

கோ.

திருவொற்றியூர்
18 நவம்பர் 2025

அக்கா,

என்ன நம்பாத. கரெக்டு. நான் அரகொற. நீ டாக்டர நம்பு.

ஊசி மீன்ல செய்யல. ஜெசிந்தா டாக்டர்கிட்ட கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்கள வளத்து அதுலேந்து எடுக்கறாங்களாம். தயிரு பொளிக்க வைக்கற மாதிரின்னு வெச்சுக்க. மீனுக்கும் அது அங்கேந்துதான் வருதாம்.

ஆனா கேளு. மீன்லயே செஞ்சதா இருந்தாலும் போட சொல்லுவேன். சுறாவ அறுத்து எடுத்ததா இருந்தாலும் போடு. இத நான் எழுதறேன், வைஷு எழுதறேன். ஒரு நாய்க்குக் காலு போனா கூட எனக்குத் தூக்கம் வராது. ஆனா ஒரு உசுர காப்பாத்தறேன்னு மடியில கீற உசுர வுட்டுட்டா, அதுக்குப் பேரு தர்மம் இல்ல. நீ ஏரியப் பாத்து சொன்னது உன் வாயப் பத்தி. அவன் வாயப் பத்தி இல்ல. அவன் எந்த வாக்கும் குடுக்கல.

தோஷம்னு நம்பறியா? நம்பு. நான் சண்டைக்கு வரல. குடை புடிச்சினு போ. கறுப்புக் குடை, பெருசு, தலைய மூடிக்கோ. பறவை நிழல் எப்டி படும்? கயிறு கையிலயே இருக்கட்டும். ஊசி கயித்த ஒண்ணும் பண்ணாது.

கீழ எழுதறது மாமாவுக்கு. இந்த வாட்டி அடுப்புல போடாத, கொண்டு போயி அவரு கையில குடு.

மாமா, நான் வைஷ்ணவி. உங்க எலைய பாத்துக் கத்தினது தப்பு. அடிக்கணும்னா வந்து நிக்கறேன், அடிங்க. கோமு பால்ல ஒரு சத்து இல்ல. அது அவ தப்பில்ல, அத்தை தப்புமில்ல, நான் சொன்னதக் கேட்டதால வந்துது. உங்க பாடு போனா அடுத்த மொறை வரும். தள்ளிப் போடாம தூக்கினு வாங்க மாமா. நாளைக்கு காலையில அனுப்பம்பட்டு ஸ்டேஷன்ல நிக்கறேன். உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன். ரோட்டுலயே நிக்கறேன். நீங்க வராட்டி அங்கேயே நிப்பேன்.

வைஷு

தோணிரேவு
21 டிசம்பர் 2025

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

அனுப்பம்பட்டில் பார்த்தபோது உன்னோடு பேசவே முடியவில்லை. பேசினால் கத்திவிடுவேன் என்று பயம். ஆட்டோவில் எதிரே உட்கார்ந்து குடையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்தாய். ஆட்டோவுக்குள் எதற்குக் குடை என்று நீ கேட்கவில்லை. அதை மறக்க மாட்டேன்.

உன் கடிதத்தை அவர் வாசலில் நின்று படித்தார். அத்தை, "யாருடா எழுதிகீறது?" என்றார். "யாருமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வலையைத் திண்ணைப்பக்கம் போட்டார். அன்று அவர் பாடு. பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் நீ வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய டாக்டர் அவன் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு என் நாக்கை நீட்டச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எத்தனை நாளா சைவம்?"

சொன்னேன்.

"சைவம் தப்பில்லைம்மா. மாத்திரை இல்லாம இருந்ததுதான் தப்பு. யாரும் உனக்குச் சொல்லலையா?"

சொன்னார்கள், எறிந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நர்ஸ் ஊசியோடு வந்தார். அது எதில் செய்தது என்று நான் கேட்கவில்லை. நீ எழுதியிருந்தாய், இருந்தாலும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியபோதும் அவன் அழவில்லை. உன் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

மூன்றாம் நாள் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. வலையில் மாட்டிய மீன் மாதிரி. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். சில பிள்ளைகளுக்கு அப்படி வரும், நிற்கும் என்றார் டாக்டர். பத்து நாளுக்கு மேல் நடுங்கியது. இப்போது நின்றிருக்கிறது. தலை நிற்கிறது. என்னைப் பார்க்கிறான், வைஷு. பார்த்துக்கொண்டே இருக்கிறான். அத்தை இதைக் கயிற்றின் பலன் என்கிறார். நான் மறுக்கவில்லை. பேச்சு தாமதமாகலாம், போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொல்லவில்லை. அதை நானும் உன் மாமாவும் எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் இன்னும் மீன் சாப்பிடவில்லை. மாத்திரை போடுகிறேன். பாதத்தில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. கொள்கையா, பயமா என்று நீ கேட்பாய். பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாக்கு என்னுடையது, அதை வைத்துக்கொள்கிறேன். இனி நீ ஒன்று சொன்னால் இரண்டு பேரிடம் கேட்பேன். அதற்கும் கோபித்துக்கொள்ளாதே. நைனாவிடம் பேசு. அவர் உன்னைப் பற்றி இரண்டு முறை கேட்டார்.

இன்று மதியம் அத்தை ஒரு சின்ன மடவையை ஆவியில் வேக வைத்து, சோற்றோடு பிசைந்து கிண்ணத்தில் கொண்டு வந்தார். மற்றச் சாப்பாடும் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "குடுக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அவர் என்னை எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

"முள்ளு பாத்தீங்களா அத்தை?"

"பாத்துட்டேன். எனக்குத் தெரியாதா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிண்ணத்தை வாங்கினேன். மடவையை அறுத்த அந்த நாளுக்குப் பிறகு மீனில் என் கை பட்டதில்லை. ஒவ்வொரு பருக்கையாக நசுக்கிப் பார்த்தேன். மயிர் மாதிரி ஒரு முள் இருந்தது. எடுத்தேன். இன்னொன்று இருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து பிசைந்தேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நானே ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். இன்னும் கேட்டான்.

இப்போது தூங்குகிறான். நிறைய நேரமாகத் தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று பார்க்க மூக்கின் கீழே விரலை வைத்தேன். வருகிறது. விரலில் மீன் வாசம். கழுவிவிட்டு வரலாம் என்றால், அந்த நேரத்துக்கு விரலை எடுக்கப் பயமாக இருக்கிறது.

கோமளா